வீட்டுப் பாட்டு கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் முறை

விருப்பமான திரைப்பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, வெற்றுக் கேசட் ஒன்றையும் சேர்த்து, பேருந்து நிலையத்தருகே இருக்கும் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வாங்கிவரும் வழக்கம் 1980களில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பரவலாக இருந்தது. சி-60 எனப்பட்ட 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 6 அல்லது 7 பாடல்கள் அடங்கும். அந்தப் பாடல்கள் அனைத்தும் இன்று கைபேசியிலேயே தெளிவாகக் கிடைக்கின்றன என்பதால், பழைய கேசட்டை மாற்றுவது வீண் வேலை என்று சொல்பவர்களிடம் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், வேறெங்கும் கிடைக்காத சிலவும் அதில் இருக்கின்றன: அப்பா தேர்ந்தெடுத்த வரிசை, நேரம் போதாமல் சரணத்தின் நடுவே அறுந்துபோகும் கடைசிப் பாட்டு, இலங்கை வானொலியிலிருந்து பதிந்தபோது சேர்ந்து விழுந்த அறிவிப்பாளரின் குரல், ரெக்கார்டு பொத்தானைத் தெரியாமல் அழுத்திய பிள்ளைகளின் பேச்சு. அவற்றைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டு இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளைக் கவனிப்பது. அவை உடையாமல் இருந்தால், தவறான ஒரு பொத்தானில் விரல் பட்டாலே போதும், பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே சிறு திருப்புளியால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். உடைந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டியோ காகிதத்தை மடித்துத் திணித்தோ மறுபடி பதியும் தந்திரம் அந்நாளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது என்பதால், அப்படி ஒட்டியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

அடுத்து, கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். வெண்மையான பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அத்தகைய கேசட்டை இயந்திரத்தில் போடக் கூடாது. போட்டால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் தனிப் பையில் எடுத்துவைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. கேசட்டின் திறந்த பக்கத்தில், நாடாவுக்குப் பின்னே, மெல்லிய செப்புத் தகட்டின் மீது ஒட்டிய சிறு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். நாடாவைக் குறை சொல்லாமல், ஐந்து திருகாணிகளையும் கழற்றி, இரண்டு சுருள்களையும் நல்ல நிலையிலுள்ள வேறொரு கூட்டுக்கு மாற்றினால் ஒலி திரும்பிவிடும். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கூடுகளை விளிம்பில் மெல்ல நெம்பித் திறக்க வேண்டியிருக்கும். இதற்குப் பொறுமை தேவை.

நீண்ட காலம் அசையாமல் கிடந்த நாடா இறுகியிருக்கும் என்பதால், பதிவைத் தொடங்குமுன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், பிறகு திரும்பவும் ஒருமுறை முழுதாகச் சுற்றிவிடுங்கள். ஆறுபட்டைப் பென்சிலைத் துளையில் செருகிக் கையாலேயே சுற்றலாம். அறுந்த நாடாவை ஒட்டுவதற்கு அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவைப் பயன்படுத்த வேண்டும். நான் பத்து வயதில் செல்லோ டேப்பால் ஒட்டிய இடம் ஒன்று, பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு, நல்ல பாட்டு ஒன்றின் பல்லவியைத் தின்றுவிட்டது.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, யுஎஸ்பி வசதியோடு மலிவாக விற்கப்படும் கையடக்கப் பிளேயர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை வேகம் தடுமாறிப் பாடகரின் குரலை நடுங்க வைக்கின்றன. பழைய கேசட் டெக் அல்லது வானொலியும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்றை எடுத்து, இளகிப்போன ரப்பர் பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொள்வது மேல். ஹெட்டையும் அதன் அருகே சுழலும் உலோகத் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பழுப்பு நிறம் படிவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத் துணியே போதும். ஒரு கேசட் மட்டும் மங்கலாக ஒலித்தால், அது வேறு கோணத்தில் ஹெட் அமைந்த இயந்திரத்தில் பதியப்பட்டிருக்கலாம். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிகச் சிறிதளவு திருப்பிப் பாருங்கள்; சலங்கையும் ஜால்ராவும் பளிச்சென்று கேட்கும் இடம்தான் சரியான கோணம்.

வேறு கருவிக்கு ஒலியை அனுப்பும் லைன் அவுட் துளை இருந்தால் அதிலிருந்தும், இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து ஒலியளவை நடுவில் வைத்தும், ஒலியைக் கணினி ஏற்கும் வடிவுக்கு மாற்றும் சிறு கருவியான யுஎஸ்பி ஒலி இடைமுகம் ஒன்றின் வழியாகக் கணினிக்கு இணைப்புக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையைத் தவிர்ப்பது நல்லது; அது பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில்தான் வாங்கும், ஒலியும் சிதறும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மாதிரி விகிதத்தை 44,100 ஹெர்ட்ஸிலும், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடியும் வைத்து, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 16 பிட்டில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். ஒரு சி-60 கேசட் 600 மெகாபைட்டைச் சற்றே தாண்டும். எம்பி3 பிரதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இங்குதான் பலரும் தவறு செய்கிறார்கள். பாடல் பாடலாக வெட்டி, இரைச்சலை நீக்கி, இடைவெளிகளைத் துடைத்துவிட்டால், இணையத்தில் உள்ள பாட்டின் மோசமான பிரதி ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பதியுங்கள். எங்கள் வீட்டுக் கேசட் ஒன்றில், ஏ பக்கத்தின் பாடல்கள் முடிந்து நான்கு நிமிடம் வெறும் சீற்றொலி ஓடிய பிறகு, “இது ஓடுதா, நின்னுடுச்சா?” என்று பாட்டி கேட்கிறார், பாடல் முடிந்ததும் நிறுத்தியிருந்தால் அது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். தூய்மைப்படுத்திய பிரதி வேண்டுமென்றால் மூலக் கோப்பைத் தொடாமல் தனியாகச் செய்துகொள்ளுங்கள். உறையட்டையின் இரு பக்கங்களையும், அதில் மையால் எழுதிய பட்டியல் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, அதே கோப்புறையில் வையுங்கள்.

மாற்றிய பிறகு, அந்தக் கேசட்டைப் பதிந்து வாங்கியவரையும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒருமுறை முழுதாகக் கேட்பது அவசியம். அதைத் தள்ளிப்போட வேண்டாம். அவர்கள் பேசுவதைக் கைபேசியில் தனியாகப் பதிவுசெய்யுங்கள். “உங்களுக்குப் பிடித்த படம் எது?” என்று கேட்டால் எல்லாரும் தெரிந்த பெயர் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். “இந்தப் பாட்டு வந்தபோது நாம் எந்த வீட்டில் இருந்தோம்?”, “இந்தப் படத்துக்கு யார் யார் போனோம், யாரை விட்டுவிட்டுப் போனோம்?” என்று கேட்டால் பேச்சு தானாகப் பெருகும். விட்டுவிட்டுப் போனவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தது, வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே ஒரு படத்தின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டுப் படத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தது போன்ற செய்திகள் இப்படித்தான் வெளிவரும். எந்தத் திரையரங்கு, எந்த ஆண்டு என்பதில் சித்தப்பாவும் அத்தையும் சண்டையிட்டால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பேர் சொன்னதையும் பெயரோடு எழுதிவைத்து, பேச்சு எழுந்த பாட்டின் நிமிடக் கணக்கையும் அருகில் குறித்துவிடுங்கள்.

குடும்பத்துக்குள் கேட்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது; ஆகவே 1980களின் பாடல்களைப் பொதுவெளியில் பகிர வேண்டாம். பாட்டியின் குரலைப் பகிர்வது வீட்டார் முடிவு.

கோப்புகளை இரண்டு வன்தட்டுகளிலும், வெளியூரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். கேசட்டைத் தூக்கி எறியாமல், காந்தமுள்ள ஒலிபெருக்கிக்கு அருகில் இல்லாத உலர்ந்த இடத்தில், பெட்டிக்குள் புத்தகம்போல் நிமிர்த்தி நிறுத்துங்கள். கடைசியாக ஓடி முடிந்த நிலையிலேயே அதை எடுத்துவையுங்கள். வேகமாகச் சுற்றிய நாடா மேடும் பள்ளமுமாக அமர்வதால் விளிம்பு மடங்கக்கூடும். கேட்டு முடித்ததும் ரீவைண்ட் செய்து வைக்கவில்லை என்று சிறுவயதில் திட்டு வாங்கியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் சுற்றாமலேயே வையுங்கள்.