நாய் பின்பக்கத்தைத் தேய்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நாய் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போனால், பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை போடுங்க." நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பொமரேனியன் ஜூலிக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை பூச்சி மாத்திரை கொடுத்தேன். தேய்ப்பதும் நிற்கவில்லை, வாலுக்கடியில் நக்குவதும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் வாலைத் தூக்கிப் பார்த்தால், ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீங்கி உடைந்து சீழும் இரத்தமும் வடிந்துகொண்டிருந்தது. பூச்சி இல்லவே இல்லை. அத்தனை நாளும் அவளுக்கு வலி இருந்திருக்கிறது. அதை நக்கியும் தேய்த்தும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குத்தான் புரியவில்லை.

தேய்ப்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஆசனவாயின் இரு பக்கமும் தோலுக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்னப் பைகள். டாக்டர்கள் இவற்றை ஏனல் கிளாண்ட் என்பார்கள். ஆசனவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் நேராக இவை இருக்கும். உள்ளே ஊறும் திரவத்துக்குக் கருவாட்டை மிஞ்சும் வீச்சம். நாய்கள் ஒன்றையொன்று பின்னால் முகர்ந்து அடையாளம் கண்டுகொள்வது இந்த வாசனையாலும்தான். மலம் கெட்டியாக வெளியே வரும்போது இந்தப் பைகளை அழுத்தும், திரவம் தானாக வடிந்துவிடும். மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது. திரவம் தேங்கிக் களிம்பு போலாகி, நூல் போன்ற வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் கிருமி சேர்ந்து, சீழ் கட்டி, ஜூலிக்கு ஆனதுபோல் வெளியே உடையும். பொமரேனியன், ஷிட்சு, சிவாவா போன்ற சின்ன இனங்களுக்கும், உடம்பு பெருத்த நாய்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம் வரும்.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பால் சாதம். அன்பாகத்தான் போடுகிறோம். ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிக்காது. தினமும் லேசான பேதி போலவே போகும், நாமும் அதைப் பழகிக்கொண்டுவிடுவோம். பைகள் நிறைவதற்கு அதுவே போதும். பாலை நிறுத்தினாலே பல நாய்களுக்கு மலம் கெட்டிப்படும். மஞ்சள் பூசணியை உப்பு, தாளிப்பு எதுவும் இல்லாமல் வேகவைத்து மசித்து, சின்ன நாய்க்கு ஒரு டீஸ்பூன், லாப்ரடார் அளவு நாய்க்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். நார்ச்சத்து கூடினால் மலம் உருண்டு வரும். எடையைக் குறைப்பதும் நடையைக் கூட்டுவதும் இதே அளவுக்கு உதவும்.

அடுத்த தவறு, வீடியோ பார்த்து நாமே அந்தப் பையைப் பிதுக்குவது. லேசாக நிறைந்திருந்தால் கைதேர்ந்தவர்கள் வெளியிலிருந்தே அழுத்தி எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே வீங்கியோ சீழ் கட்டியோ இருந்தால், அழுத்துவது உள்ளுக்குள்ளேயே பையைக் கிழித்துவிடலாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், அது அதன் குற்றமில்லை. குளிப்பாட்டி முடி வெட்டும் இடங்களில் ஒவ்வொரு தடவையும் வழக்கமாகப் பிதுக்கிவிடுவதும் உண்டு. தொந்தரவே இல்லாத நாய்க்கு இது தேவையில்லை. அடிக்கடி அழுத்தினால் அந்த இடமே புண்ணாகும். "எங்கள் நாய்க்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, பூச்சி என்பது முழுப் பொய்யா? இல்லை. நாடாப்புழு இருந்தாலும் நாய் தேய்க்கும். அதற்கு அடையாளம் உண்டு: மலத்தின் மேலோ வாலடி முடியிலோ அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள், சில சமயம் நெளியும், காய்ந்தால் மஞ்சளாகி எள்ளு போல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் புழு நாய்க்குள் போவது தெள்ளுப்பூச்சி வழியாக. உடம்பு அரிக்கிறது என்று கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடுகிறது, அதற்குள் புழுவின் குஞ்சு இருக்கிறது. தெள்ளை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். நாய்க்குத் தெள்ளு மருந்து போடும் அதே நாளில் அது படுக்கும் சாக்கு, மிதியடி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். தெள்ளின் முட்டையும் அதன் குஞ்சும் பெரும்பாலும் நாயின் மேல் இருப்பதில்லை, படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையிலும் வித்தியாசம் உண்டு. குட்டிகளுக்குக் கொடுக்கும் சாதாரண பூச்சி சிரப்புகள் பல உருண்டைப்புழுவுக்கானவை, நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டெல் கலந்த மருந்து வேண்டும், எடைக்கு ஏற்ற அளவில். பூச்சிக்கு என்று பூண்டு அரைத்துக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும்.

நக்குவது இன்னும் பரந்த விஷயம். எந்த இடத்தை நக்குகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். பாதங்களை விடாமல் நக்கினால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். விரலிடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளை நாயாக இருந்தால் எச்சில் பட்ட முடி செம்பழுப்பாக மாறியிருக்கும், அதைப் பார்த்தே எவ்வளவு நாளாக நடக்கிறது என்று ஊகிக்கலாம். இதே ஒவ்வாமை ஏனல் கிளாண்டையும் வீங்க வைக்கும். அதனால் காதும் பாதமும் அரிக்கிற நாய் பின்பக்கத்தையும் தேய்த்தால், பையை மட்டும் திரும்பத் திரும்பக் காலி செய்வதில் பயனில்லை. சாப்பாடு காரணமா என்று கண்டுபிடிக்க, அது இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை வீண். வீட்டுப் பெரியவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் தன் பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பருவத்துக்கு (ஹீட்) வந்து ஒன்று இரண்டு மாதம் கழித்து, நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே வடியாமல் உள்ளேயே தங்குவதும் உண்டு, அதுதான் இன்னும் ஆபத்து. அன்றைக்கே பார்க்க வேண்டிய நோய் இது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும்.

நக்கும் இடத்தில் நாம் தடவுகிற சாமான்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவது நமக்குப் பழகிய வைத்தியம். ஆனால் நாய்க்குத் தடவியது எல்லாம் ஐந்து நிமிடத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும், கற்பூரமோ நாய்க்கு விஷம். டெட்டால் புண்ணை எரிக்கும். மெடிக்கலில் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் நக்கும்போது உள்ளே போகும். வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது. டாக்டரிடம் போகும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து ஒற்றி எடுங்கள், அது போதும். கழுத்துக்குக் கூம்பு மாட்டினால் புண் பெரிதாகாது. ஆனால் கூம்பு மாட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அரிப்பு அப்படியே இருக்கும், நாயால் அதைத் தொட முடியாது, அவ்வளவுதான். நக்குவதற்காகத் திட்டுவதும் அடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

புல்லில் ஒரு தடவை தேய்த்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், மலம் கழிக்கும்போது கத்தினால், ஆசனவாய்ப் பக்கம் சிவந்து வீங்கினால், இரத்தம் தெரிந்தால் அழைத்துப் போங்கள். வயதான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் சீழாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம், அந்தப் பையில் புற்றுநோயும் வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்திலேயே முதலில் காட்டலாம். போகும்போது காலையில் போன மலத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்தப் பூச்சி மருந்தை என்று கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.

ஜூலியின் புண்ணைக் கழுவி, ஆன்டிபயாடிக் கொடுத்து, ஆறுவதற்கு இரண்டு வாரம் ஆனது. பால் சாதத்தை நிறுத்திவிட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை சீப்பு போடும்போது வாலைத் தூக்கி ஒரு நிமிடம் பார்த்துவிடுகிறேன். முதல் சில வாரம் முறைத்தாள், இப்போது அவளே திரும்பி நிற்கிறாள்.