ஏற்காடு பஸ் ஏறும் முன் ஒரு சின்னக் கதை

ஆட்டிசம் உள்ள குழந்தையை வெளியே கூட்டிப்போகும்போது சிக்கல் பெரும்பாலும் இடத்தால் வருவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வருகிறது. அதை முன்கூட்டியே படமும் எழுத்துமாகச் சொல்லிவிடுவதுதான் சமூகக் கதை. அமெரிக்க ஆசிரியர் கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. சேலத்திலிருந்து ஏற்காடு போய்ப் படகில் ஏறுவதை வைத்து ஒரு கதை செய்து பார்ப்போம்.

1. முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்

குழந்தை இல்லாமல் ஒரு தடவை போய்வாருங்கள். பஸ், மலைப்பாதை, ஏரி, டிக்கெட் கவுன்ட்டர், வரிசை எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். குழந்தையின் காதாலும் தோலாலும் கவனியுங்கள்: எங்கே ஹாரன் அலறுகிறது, எங்கே கூட்டம் உரசுகிறது, லைஃப் ஜாக்கெட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது.

2. எழுதுங்கள்

பக்கத்துக்கு ஒரு படம், ஒன்றிரண்டு வரி போதும். குழந்தையே பேசுவது போல இருக்கட்டும்.

*சனிக்கிழமை நானும் அம்மாவும் ஏற்காடு போகிறோம்.*
*பஸ்ஸில் நிறைய பேர் இருக்கலாம்.*
*மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவில் பஸ் பெரும்பாலும் ஹாரன் அடிக்கும். எதிரே வரும் வண்டிக்குத் தெரிவதற்காக அடிக்கிறார்கள்.*
*சத்தம் அதிகமாக இருந்தால் நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்.*
*ஏரியில் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்போம். சில சமயம் ரொம்ப நேரம் ஆகலாம்.*
*மழை வந்தால் படகு ஓடாமல் போகலாம். அப்போது ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.*

இதில் ‘அழக்கூடாது’, ‘ஓடக்கூடாது’ எதுவும் இல்லை. என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று விவரிக்கும் வரிகள், இப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டும் வரிகளைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது கிரேயின் கணக்கு. நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். எழுத உட்கார்ந்தால் புத்திமதி தானாக வந்து விழும்!

அப்புறம், ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’ போன்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் பலர். ‘படகில் போவோம்’ என்று உறுதியாக எழுதிவிட்டு, அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் கதை பொய்யாகிவிடும்.

சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் நிறைய உண்டு. குழந்தை எந்த மொழியில் கேட்டுப் பழகியிருக்கிறதோ அதிலேயே சொல்லுங்கள். பேச்சு இன்னும் வராத குழந்தை என்றால் படங்கள் மட்டுமே போதும்.

3. அமைதியான நேரத்தில் படியுங்கள்

போகும் நாளுக்குச் சில நாள் முன்னாலேயே தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் வாசியுங்கள். அடம்பிடிக்கும்போது கதையை எடுத்து நீட்டினால் அது தண்டனை ஆகிவிடும். ‘இங்கே பாரு, கண்ணைப் பாரு’ என்று வற்புறுத்தவும் வேண்டாம். வேறெங்கோ பார்த்தபடியே முழுதாகக் கேட்டுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு.

4. வீட்டிலேயே நடித்துப் பாருங்கள்

நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ் தயார். தாத்தா கண்டக்டர், அக்கா டிரைவர். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எண் அட்டை காட்டுங்கள். மலையிலும் வளைவுகளில் எண் பலகை இருப்பதால், எண் பிடித்த குழந்தைக்கு நிஜப் பயணத்திலும் அது பிடிமானமாகும். ஹாரன் சத்தத்தை போனில் மெதுவாக வைத்து, குழந்தை தாங்கும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

வரிசையில் காத்திருக்கப் பழக, தாயமோ பல்லாங்குழியோ ஆடலாம். ‘இப்போ அக்கா முறை, இப்போ உன் முறை’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். முதலில் இரண்டு பேர் மட்டும், பழகியதும் மூன்றாவது ஆள்.

5. கிளம்புங்கள்

கூட்டம் குறைந்த வார நாளாக இருந்தால் நல்லது. கதையில் கிழமையை மாற்றிவிடுங்கள். புத்தகம், தண்ணீர், பிடித்த தின்பண்டம், காதை மூடும் ஹெட்போன் பையில் இருக்கட்டும். பாதியில் முடியவில்லை என்றால், சரி, திரும்பிவிடலாம். அதற்கும் கதையில் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

6. அடுத்த கதை

எழுதும் கதைகளில் பாதியாவது குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்டுவதாக இருக்க வேண்டும் என்கிறார் கிரே. அதனால் அடுத்ததை உடனே கல்யாண மண்டபம், ஆடித் திருவிழாக் கூட்டம் என்று தொடங்காதீர்கள். தெருமுனைக் கடையில் தட்டுவடை செட்டைக் காட்டிக் கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளை என்றால், அதையே எழுதுங்கள்.