கடற்குதிரை ஏன் மூலையிலேயே நிற்கிறது?

"வாங்கி ஒரு வாரமாச்சு, ஒரே மூலையில தொங்குது. நோயா இருக்குமோ?" என்று சிங்கப்பூர்த் தேக்காவில் பார்த்த நண்பர் கேட்டார். அவருடைய வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அகலமான, குட்டையான தொட்டி, வெறும் மணல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. வாலைச் சுற்றிக்கொள்ள இருந்ததே வடிகட்டிக் குழாய் ஒன்றுதான். பாவம், அது வேறெங்கே போகும்?

முதலில் உயரம். 45 செ.மீ. உயரமாவது வேண்டும். ஜோடி சேரும்போது ஆணும் பெண்ணும் மேல்நோக்கி எழுந்துதான் முட்டைகளை ஆணின் பைக்கு மாற்றும். தொட்டி குட்டை என்றால் முட்டைகள் கீழே சிதறக்கூடும்.

அடுத்தது பிடிமானம். சிங்கப்பூர்க் கடலிலும் கடற்புல்லையோ பவளப்பாறையையோ பற்றிக்கொண்டுதான் இவை வாழ்கின்றன. தடித்த நைலான் கயிறு, பிளாஸ்டிக் செடி போதும். வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். கொட்டும் கடற்சாமந்தி மட்டும் வேண்டாம்.

மூன்றாவது நீரோட்டம். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். முதுகுத்துடுப்பை நொடிக்கு சுமார் 35 முறை அடித்தும் கடற்குதிரை மெதுவாகத்தான் நகரும். பம்பு நேராக அடித்தால் வாலின் பிடியை விடவே பயந்து, இரையைத் தேடியும் வராது. ஓட்டமே இல்லாவிட்டாலோ கழிவு தேங்கும். பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, பிடியை விட்டு நிதானமாக நீந்துகிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் பெரிய தலைவலி சூடு. கடைகளில் கிடைக்கும் பல வகைகளுக்கு 22 முதல் 25 டிகிரி பாதுகாப்பு. சூடான நீரில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். மின்விசிறி ஓரளவு குளிர்விக்கும், ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுங்கள். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க முடிந்தால் நிம்மதி.

இரைப்பை இல்லாத உயிர் இது. அதனால் உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலை தினமும் இரண்டு மூன்று வேளை, ஒரே இடத்தில் போடுங்கள். இடம் பழகியதும் நேரத்துக்குத் தானே வந்து காத்திருக்கும். துறுதுறு மீன்களைக் கூட விட்டால் இதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வாங்கும்போது தொட்டியில் பிறந்ததா என்று கேளுங்கள். 2004 முதல் எல்லா வகைகளின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நண்பர் கயிறு கட்டி, பம்பைத் திருப்பினார். மூன்றாம் நாள் கடற்குதிரை குழாயை விட்டு இறங்கி இறாலை உறிஞ்சியதாம். சில்லர் விலையைத்தான் இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.