4எக்ஸ் லென்ஸை வைத்தே அகலமும் நுணுக்கமும்: எல்இடி பேனல் மைக்ராஸ்கோப் செய்முறை

மைக்ராஸ்கோப்பில் 4எக்ஸ் ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடைப் பார்க்கும் லென்ஸ், நான்கு மடங்கு பெரிதாக்குவது) போட்டால் ஸ்லைடில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலம் தெரியும், ஆனால் செல்லின் உள்ளே எதுவும் பிரியாது. 40எக்ஸுக்கு மாறினால் உள்ளே தெரியும், பரப்பு அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஸ்லைடைத் தானே நகர்த்தும் மோட்டார் ஸ்டேஜ் வாங்கி நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டலாம். விலையும் அதிகம், நகர நகர ஃபோகஸும் விலகும். எனக்குப் பிடித்தது ஃபூரியர் டைக்கோகிராஃபி. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் குவோஆன் ஜெங், ரோர்க் ஹார்ஸ்ட்மேயர், சாங்ஹுவே யாங் மூவரும் 2013இல் வெளியிட்ட முறை. வெறும் 2எக்ஸ் லென்ஸில் 120 சதுர மில்லிமீட்டர் பரப்பை 0.78 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் எடுத்துக் காட்டினார்கள்.

இதில் ஸ்லைடும் லென்ஸும் அசைவதே இல்லை. கீழே உள்ள எல்இடிகளை ஒவ்வொன்றாக எரிய விடுகிறோம். சாய்ந்து வரும் ஒளி, லென்ஸுக்குள் நுழையாமல் போயிருக்க வேண்டிய நுண்விவரங்களை உள்ளே தள்ளிவிடுகிறது. அந்தப் படங்களைக் கணினி ஒன்றாக்குகிறது.

படி 1: பொருள்கள்

4எக்ஸ், 0.1 என்ஏ ஆப்ஜெக்டிவ். என்ஏ என்பது லென்ஸ் எவ்வளவு சாய்ந்த ஒளிவரை ஏற்கும் என்பதன் அளவு. அது கூடக் கூட நுணுக்கம் கூடும். 10எக்ஸ் வேண்டாம், பரப்பு போய்விடும். 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள 32க்கு 32 எல்இடி பேனல், அதை இயக்க ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டு போர்டு. கேமரா கருப்பு வெள்ளையாக இருக்கட்டும். வண்ண சென்சாரின் வடிகட்டிகள் பிக்சல்களை வீணாக்கும்.

பிக்சல் அளவுக்கு ஒரு கணக்கு: அலைநீளத்தை என்ஏ-யின் நான்கு மடங்கால் வகுத்து, உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். பச்சை ஒளிக்கு 5.3 மைக்ரோமீட்டர் வரும். பிக்சல் அதைவிடச் சிறியதாக இருந்தால் போதும். மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், சென்சாரின் அகலத்தைப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் சென்சார் ஸ்லைடில் ஒன்றரை மில்லிமீட்டரைத்தான் பிடிக்கும், லென்ஸ் தரும் மீதி வீண்.

படி 2: உயரம்

பேனலை ஸ்லைடுக்கு 80 மில்லிமீட்டர் கீழே வையுங்கள். அடுத்தடுத்த விளக்குகள் தரும் படங்கள் ஃபூரியர் தளத்தில் (படத்தின் விவரங்களை நுண்மை வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) மூன்றில் இரண்டு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும். 60 சதவீதத்துக்கு மேல் படிந்தால் கணக்கு நிதானமாகச் சேரும், அதாவது ஒரே விடையில் வந்து நிற்கும். நடுவில் உள்ள 15க்கு 15 விளக்குகள் போதும், மொத்தம் 225 படங்கள். பக்கவாட்டில் கடைசி விளக்கின் சாய்வு 0.33 என்ஏ. லென்ஸின் 0.1ஐக் கூட்டினால் 0.43, இதுதான் கடைசியில் கிடைக்கும் படத்தின் என்ஏ.

படி 3: நேர்படுத்தல் (நிதானமாகப் படியுங்கள்)

கணக்கு சேராமல் மங்கல் படம் வந்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான். பேனல் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலோ, சற்றுத் திரும்பியிருந்தாலோ நிரல் தவறான கோணத்தை நம்பிக்கொண்டிருக்கும்.

முதலில் வெற்று ஸ்லைடு வையுங்கள். நடு விளக்கிலிருந்து இரண்டு விளக்கு தள்ளி, அதாவது 8 மில்லிமீட்டரில், நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக எரியுங்கள். அந்தக் கோணம் ஏறத்தாழ 0.1 என்ஏ, லென்ஸ் ஏற்கும் எல்லை. எனவே படத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. எல்லைக்கோடு நான்கு படங்களிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் விழும்வரை பேனலை நகர்த்துங்கள். கோடு சாய்ந்து கிடந்தால் பேனலைத் திருப்ப வேண்டும்.

இதே படங்களில் இன்னொரு லாபம். லென்ஸ் படத்தைத் தலைகீழாக்குவதால் எது இடம், எது வலம் என்று குழம்பும். வெளிச்சமான பாதி எந்தப் பக்கமோ, கேமராவின் கண்ணுக்கு விளக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதையே நிரலில் விளக்கின் இடமாகக் கொடுங்கள்.

படி 4: படமெடுப்பும் கணக்கும்

அறை விளக்கை அணையுங்கள். ஓர விளக்குகளுக்கு எக்ஸ்போஷரைப் பல மடங்கு நீட்டுங்கள். எல்லா விளக்கும் அணைந்த நிலையில் ஒரு படம் எடுத்து மற்றவற்றிலிருந்து கழியுங்கள்.

அப்புறம் நிரல். பைத்தான் மொழியும் அதன் நம்பை (NumPy) கணித நூலகமும் போதும். படத்தை 256க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் விளக்குக் கோணங்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். முழுப் படத்துக்கும் ஒரே கோணம் என்று வைத்தால் ஓரங்கள் கெடும். நடு விளக்கில் தொடங்கி வெளிநோக்கிப் போங்கள். பத்துச் சுற்றுக்குள் பலன் தெரியும். லென்ஸின் குறைகளையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும் வகை நிரல் கிடைத்தால் அதையே எடுங்கள். மலிவான ஆப்ஜெக்டிவுக்கு அது கட்டாயம்.

பின்சேர்க்கை: படத்தில் குறுக்குக் கோடுகள் வருகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். இந்தப் பேனல்கள் வரிசை வரிசையாக மின்னுபவை. எக்ஸ்போஷர், பேனல் மின்னும் சுற்றுகள் பலவற்றை உள்ளடக்கும் அளவு நீளமாக இருக்க வேண்டும். எல்லா பிக்சலையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர் கேமரா இன்னும் நல்லது. வெங்காயத் தோலில் வரவில்லை என்றவர்களுக்கு: ஸ்லைடில் உள்ள பொருள் மெல்லியது என்று இந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது, வெங்காயத் தோல் அதற்குத் தடிமன். மெல்லிய இரத்தப் பூச்சு ஸ்லைடில் முயன்று பாருங்கள்.