மார்த்தாவுக்காக ஒரு காலி இடம்: கதைக்குள் ஓர் அமெரிக்க அரசியல்வாதியை உருவாக்குவது எப்படி

என் நாவலின் நாயகி மார்த்தாவுக்கு 58 வயதாகும் வருஷத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அவள் மாநிலத்துக்குரிய ஓர் இடம் காலியாகிறது. அதுவரை அவள் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்புதான் கதை என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷம் பிடித்தது. கணவரின் வேலைக்காக அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் ஆறு வருஷம் இருந்தோம். அங்கே தொடங்கிய நாவல் இது. தமிழில் ஓர் அமெரிக்க அரசியல்வாதியைக் கதையில் வைக்க நினைக்கிறவர்களுக்கு, நான் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் மாநிலத்தை முடிவு செய்யுங்கள். பெயருக்கு முன்னால், குணத்துக்கு முன்னால், மாநிலம். நெப்ராஸ்காவில் சட்டமன்றத்துக்கு ஒரே அவைதான், அதில் 49 பேர். பக்கத்திலேயே இருக்கும் அயோவாவில் இரண்டு அவைகள், 100 பேரும் 50 பேரும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் உங்கள் ஆளின் வாழ்க்கையே வேறாகிவிடும். அயோவாவில் 99 கவுன்டிகள் இருக்கின்றன, நம் மாவட்டங்கள் போல. நான் நூறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். நிஜ கவுன்டி ஒன்றை எடுத்தால் அங்கே நிஜமாகவே ஜெயித்தவர்கள் இருப்பார்கள். அவர்களைத் துடைத்துவிட்டு நம் ஆளை உட்கார வைக்க மனசு வரவில்லை.

அடுத்தது நாட்காட்டி. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பெரிய தாளில் இடது ஓரம் முழுக்க வருஷங்களை எழுதுங்கள். கூட்டாட்சித் தேர்தல் இரட்டைப்படை வருஷங்களில், நவம்பரின் முதல் திங்கள் முடிந்து வரும் செவ்வாயன்று நடக்கும். கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு வருஷப் பதவி, குறைந்தபட்ச வயது 25. செனட்டுக்கு ஆறு வருஷம், வயது 30. குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. இவற்றைக் குறித்த பிறகு, அந்த மாநிலத்தில் ஒவ்வொரு பதவியிலும் நிஜத்தில் யார் எப்போது இருந்தார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அப்படி எழுதியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சக் கிராஸ்லி 1981 முதல் செனட்டில் இருக்கிறார். டாம் ஹார்க்கின் 1985 முதல் 2015 ஜனவரி வரை இருந்தார். இன்னும் பின்னால் போய்ப் பார்த்தேன். 1974க்குப் பிறகு 2014 வரை, பதவியில் இருப்பவர் விலகிக்கொண்டு இடம் காலியான செனட் தேர்தல் அயோவாவில் ஒன்றுகூட இல்லை. நாற்பது வருஷம்! பதவியில் இருப்பவரைத் தோற்கடிப்பது பொதுவாகவே அமெரிக்காவில் கடினம். பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரும்பாலும் ஜெயித்துவிடுவார்கள். ஆகவே மார்த்தாவின் ஆசையைத் தீர்மானிப்பவை அவளுக்கு அறிமுகமே இல்லாத இரண்டு பேரின் உடல்நலமும் மனசும்தான்.

என் முதல் பிரதியில் 1990லேயே அவளைக் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராக்கி வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தேன். 180 பக்கம் எழுதிய பிறகு தெரிந்தது, 2014இல் ஜோனி எர்ன்ஸ்ட் ஜெயிக்கும்வரை அயோவாவிலிருந்து ஒரு பெண்கூடக் காங்கிரஸுக்குத் தேர்வானதில்லை. 180 பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மார்த்தாவை 1986இல் மாநில சட்டமன்றத்துக்கு அனுப்பி, 28 வருஷம் அங்கேயே வைத்தேன். அதற்கப்புறம்தான் அவள் பேசத் தொடங்கினாள்.

அரசியலுக்கு ஏன் வந்தாள் என்பதையும் அந்த ஊர் மண்ணிலிருந்தே எடுங்கள். 1981இல் அயோவாவில் விவசாய நிலம் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர். 1986இல் 787 டாலர். நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கியவர்கள் ஒரே மூச்சில் மூழ்கினார்கள். ஏலத்தில் போன பண்ணைகளுக்காக நீதிமன்றப் புல்தரையில் வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். மார்த்தா அப்படி ஒரு சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசுகிறாள். பூசி முடித்துக் கை கழுவும்போது, நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை. அந்த நகத்தோடுதான் முதல் வீட்டுக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்கிறாள். ‘சேவை மனப்பான்மை’ என்று நான் முதலில் எழுதியிருந்த இரண்டு பத்திகளுக்கு அப்புறம் வேலை இருக்கவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். அயோவா சட்டமன்ற உறுப்பினருக்கு இப்போதும் வருஷச் சம்பளம் 25,000 டாலர்தான். சொந்த வேலை ஒன்று வேண்டும். முதலில் அவளை வருமான வரிக் கணக்குப் பார்ப்பவளாக வைத்தேன். சரிப்படவில்லை. சட்டமன்றம் ஜனவரியில் கூடி ஏப்ரல் வாக்கில் கலையும். வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? மக்காச்சோளமும் சோயாவும் விளைவிக்கிறவளாக மாற்றினேன். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை, அவை நடக்கும். வசந்தத்தில் விதைக்கப் போய்விடலாம். ஆனால் அறுவடை அக்டோபரில் வரும், பிரச்சாரமும் அதே அக்டோபரில். அங்கே ஓர் அத்தியாயமே கிடைத்தது: இரவு ஒன்பது மணி, அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் அவள், மடியில் நன்கொடையாளர் பட்டியல், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். விளக்கு வெளிச்சத்தில் தூசி பறக்கிறது. ‘இரைச்சலாக இருக்கிறதே’ என்கிறார் மறுமுனையில் இருப்பவர். ‘சோளம்’ என்கிறாள்.

வேலை செய்யும் இடத்தை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் படங்களையாவது உற்றுப் பாருங்கள். டெ மாய்ன் நகரின் சட்டமன்றக் கட்டிடத்துக்கு ஐந்து கும்மட்டங்கள், நடுவில் இருப்பது தங்க ரேக்கு ஒட்டியது. பார்வையாளர் மாடத்துக்கு யாரும் போகலாம். நான் ஒரு பிப்ரவரி மாதம் நான்கு நாள் போய் உட்கார்ந்தேன். சாதாரண உறுப்பினர்களுக்கு அங்கே தனி அறை கிடையாது. அவையில் இருக்கும் மேசைதான் அலுவலகம். வெளியே காத்திருப்பவர் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் காவலரிடம் கொடுப்பார். அது மேசைக்குப் போகும். உறுப்பினர் எழுந்து வெளியே வந்து பேசுவார், அல்லது வரமாட்டார். மார்த்தாவின் மேசையில் சேரும் சீட்டுகளின் எண்ணிக்கையை வைத்தே அவள் செல்வாக்கு ஏறுவதையும் இறங்குவதையும் காட்ட முடிந்தது.

நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்த கை, தன்னை அறியாமல் சில தவறுகளைச் செய்யும். கட்சித் தலைமை சீட் கொடுப்பதாக எழுதாதீர்கள். பிரைமரி என்ற முதல்சுற்றுத் தேர்தலில் வாக்காளர்கள்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாநில கவர்னரை ‘ஆளுநர்’ என்று எழுதினால் நம் வாசகர் ராஜ்பவனை நினைத்துக்கொள்வார். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்து மாநிலத்தை ஆள்பவர், நம் முதலமைச்சர் போல. நான் ‘கவர்னர்’ என்றே விட்டுவிட்டேன். காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது, பதவியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டமும் அங்கே இல்லை. 2001இல் ஜிம் ஜெஃபர்ட்ஸ் என்ற ஒரே செனட்டர் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதில் செனட்டின் பெரும்பான்மையே கை மாறியது, அவர் பதவி போகவில்லை. உங்கள் ஆள் கொறடாவுக்குப் பயப்படுவது போல எழுதினால் அந்தக் காட்சி பொய்யாகிவிடும். அடுத்த பிரைமரிக்குப் பயப்படுகிறவராக எழுதுங்கள்.

கட்சியின் பெயரை மறைக்கவும் வேண்டாம். ‘ஒரு கட்சி’ என்று மழுப்பினால் வரி, துப்பாக்கி, கருக்கலைப்பு, மானியம் எதைப் பற்றியும் அவர் வாய் திறக்க முடியாது. மார்த்தா குடியரசுக் கட்சிக்காரி. அவளோடு எனக்கு நிறைய விஷயத்தில் ஒத்துப்போகாது. ஆனாலும் அவள் பக்கத்து நியாயத்தை அவள் நம்புகிற அளவுக்கு நானும் நம்பித்தான் ஒவ்வொரு பேச்சையும் எழுதினேன்.

தோல்வியை எழுதும்போது விதிகளைத் தேடுங்கள், உணர்ச்சி தானாக வரும். 2013 ஜனவரியில் ஹார்க்கின் மறுபடி நிற்கவில்லை என்று அறிவித்தார். மார்த்தா காத்திருந்த கதவு திறக்கிறது. அயோவாவில் ஒரு விதி உண்டு: பிரைமரியில் யாருக்கும் 35 சதவீதம் கிடைக்காவிட்டால், கட்சி மாநாடு கூடி வேட்பாளரை முடிவு செய்யும். நிஜத்தில் அந்தப் பிரைமரியில் எர்ன்ஸ்ட் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கித் தெளிவாக ஜெயித்தார். என் நாவலில் மட்டும் கணக்கை மாற்றினேன். மார்த்தாவுக்கு முதலிடம், 34 சதவீதம். ஒரு சதவீதக் குறைவில் முடிவு மாநாட்டு அரங்குக்குப் போகிறது. அங்கே பிரதிநிதிகள் எழுந்து நின்று ஓட்டுப் போடும்போது, 28 வருஷமாக அவள் யாருக்கெல்லாம் மேசையிலிருந்து எழுந்து வராமல் இருந்தாளோ அவர்களெல்லாம் எதிரில் இருக்கிறார்கள்.

பதவிக்குப் பிறகு என்ன ஆனாள் என்பதற்கு, அயோவா சிட்டியில் பல்கலைக்கழக நூலகத்துக்குள் இருக்கும் அயோவா பெண்கள் ஆவணக்காப்பகம் எனக்கு உதவியது. லூயிஸ் நூன் என்ற பெண்மணி தன்னிடம் இருந்த ஃப்ரீடா காலோ ஓவியத்தை விற்று, அந்தப் பணத்தில் அமைய வழிசெய்த இடம் அது. அரசியலில் இருந்த பெண்களின் காகிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பென்சில் மட்டும்தான் அனுமதி, ஒரு நேரத்தில் ஒரே கோப்பு. எந்த மாநிலத்தை எடுத்தாலும் இப்படி ஓர் இடம் இருக்கும், தேடிப் பிடியுங்கள். சொற்பொழிவுகளை விட்டுவிட்டு, தொகுதி மக்கள் எழுதிய கடிதங்களைக் கேளுங்கள். நான் பார்த்த கடிதங்களில் பாதி சாலையைப் பற்றியும் பள்ளிக்கூடப் பேருந்தைப் பற்றியும்தான். சிலவற்றின் ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது: ‘கூப்பிட்டேன்’. நாவலின் கடைசி அத்தியாயத்தில் மார்த்தா சமையலறை மேசையில் உட்கார்ந்து தன் பெட்டிகளைக் கட்டுகிறாள். ஓரத்தில் எதுவும் எழுதாத கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறாள்.