ஃபைபர் படகில் தூண்டில் போடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம், மீனவர் ஒருவரின் ஃபைபர் படகை அமர்த்திக்கொண்டு பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் தூண்டில் போடப் போகிற பலர், படகு ஏறும் முன்பே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை மணி நேரம், டீசல் யார் கணக்கு, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பிடிபடும் மீன் யாருக்கு என்பதை முந்தின நாளே பேசிவிட வேண்டும். கரைக்கு வந்தபின் மீனுக்காக மனத்தாங்கல் வருவதுபோல் வருத்தமான விஷயம் வேறில்லை.

அடுத்தது நேரம். படகுக்காரர் விடிகாலை ஐந்து மணி என்றால், ஏழுக்குப் போகலாமே என்று பேரம் பேசாதீர்கள். கோடையில் காலையில் கடல் அமைதியாக இருக்கும். வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பி அலை எழும். திரும்பலாம் என்று அவர் சொன்னால் திரும்ப வேண்டியதுதான். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் எச்சரித்த நாளில், கூடுதல் காசு காட்டி அவரை இழுப்பது பெரும் தவறு.

அலை முறியும் இடத்தைத் தாண்டும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். மணலிலிருந்து படகைத் தள்ளி இறக்கியதும் முன்பக்கம் அலையில் ஏறி, தொம்மென்று விழும். படம் எடுக்க அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்கார்ந்தவரின் முதுகெலும்புதான் அந்த அடியை வாங்கும். நடுவில் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூண்டில் கோல்களைப் படுக்கவைத்து, கொக்கியில் உறை மாட்டுங்கள்.

ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடியை, இறுக்கி வைப்பது இன்னொன்று. 30 பவுண்டு இழுப்பு தாங்கும் தூண்டில் நரம்பென்றால் 8 முதல் 10 பவுண்டு இழுப்பிலேயே நரம்பு ஓட வேண்டும். பெரிய பாறை மீன் முதல் ஓட்டத்தில் நேரே அடிப்பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) பாயும். இறுக்கினால் நரம்பு அறும், விரலில் சுற்றியிருந்தால் சதையும் அறும்.

மேலே வந்த மீனை வெறுங்கையால் தொடாதீர்கள். கெளுத்தியின் முதுகு முள்ளிலும் பக்க முட்களிலும், திருக்கை வால் முள்ளிலும் விஷம் உண்டு. குறடு இல்லாமல் கொக்கியைக் கழற்ற வேண்டாம். முள் குத்திவிட்டால், குத்திய இடத்தைத் தோல் வெந்துபோகாத அளவு பொறுக்கும் சூட்டில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) அரை மணிக்கு மேல் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுவாயின் செவுள் மூடியின் ஓரம் பிளேடுபோல் கிழிக்கும். ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. மாட்டினால் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப் படகுகள் கரையோரம் போகும். இருந்தாலும் அது இனப்பெருக்கக் காலம். சினையோடு வரும் பெரிய மீனை விட்டுவிடுவதே என் வழக்கம்.

கடைசியாக ஐஸ். வஞ்சரம், சூரை போன்றவற்றை வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். குழம்பாகக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். பெட்டி நிறைய ஐஸ் எடுத்துச் செல்லுங்கள், மீன் மாட்டியதும் அதற்குள் போடுங்கள்.