மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கொடுப்பனவு: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிரதேச செயலகத்துக்குப் போகும் அன்று மட்டக்களப்புத் தாய்மார் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுத்தான் கூட்டிப்போவார்கள். அதில் பிழை இல்லை. "தானாகச் சாப்பிடுவாரா?" என்று உத்தியோகத்தர் கேட்டதும் "ஓம் சேர், சாப்பிடுவார்" என்று சொல்லிவிடுகிறார்களே, அதுதான் பிழை. வீட்டில் சோற்றைக் குழைத்து, உருட்டி, ஒவ்வொரு வாயாக ஊட்டி முடிக்க முக்கால் மணித்தியாலம் போகும். அது படிவத்தில் ஏறுவதில்லை. பத்து வயதிலும் இரவில் பம்பர்ஸ் வேண்டும், கதவு திறந்திருந்தால் றோட்டுக்கு ஓடிவிடுவார் என்பதையெல்லாம் பிறத்தியாரிடம் சொல்லக் கூச்சம்தான். பெற்ற மனம் பிள்ளையை விட்டுக்கொடுக்காது.

ஆகவே முதல் நாள் இரவே ஒரு கொப்பித் தாளை எடுத்து, விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு என்னென்ன செய்துகொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். டொக்டரிடம் சான்றிதழ் எடுக்கும்போதும் அதைக் காட்டுங்கள். நோயின் பெயர் மட்டும் எழுதிய துண்டை வைத்து வீட்டு நிலைமையை யாராலும் ஊகிக்க முடியாது.

அடுத்தது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் 2023இல் தொடங்கியதிலிருந்து வரும் குழப்பம். அதில் குடும்பத்துக்குக் கிடைக்கும் காசும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவும் ஒன்றல்ல. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2024இல் மாதம் 7,500 ரூபாய். 2025இல் 10,000 ஆனது. "எங்களுக்குத்தான் அஸ்வெசும வருகுதே" என்று இருந்துவிடாமல், சமூக சேவை உத்தியோகத்தரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாயால் சொன்னது விண்ணப்பம் ஆகாது.

"வளர வளரச் சரியாகிடும்" என்று அம்மம்மா சொல்வதை நம்பி வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. சரியாகட்டும், நல்லதுதான். அதற்காக ஏன் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்?

கொடுப்பனவு கிடைத்ததும் மற்றதை மறந்துவிடுவதும் நடக்கிறது. சக்கர நாற்காலி, செவிப்புலன் கருவி போன்றவற்றுக்கும் சமூக சேவைப் பிரிவில் கேட்கலாம். ஆறு வயதில் கிடைத்த நாற்காலியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழங்கால் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டது என்று திரும்பப் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

படிவம் நிரப்பித் தருகிறேன், ஆளைப் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். கொடுக்கும் எல்லாத் தாளிலும் ஒரு போட்டோகொப்பி கையில் இருக்கட்டும்; அதில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். கல்முனையிலிருந்து செங்கலடிக்கு வீடு மாறினால் அந்தக் கட்டும் உங்களோடேயே வரவேண்டும். அலுமாரிக்கு மேலே கிடந்தால் கறையான் தின்றுவிடும்.